காது மெஷினைக் கழற்றிய பிறகு

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கு இரண்டு காதும் மந்தம். மெஷினைக் கழற்றினால், காதருகே கத்தினால்தான் கேட்கும். சென்ற மாதம் மனைவியின் தம்பியோடு கல்வராயன் மலையில் ஓர் அருவிக்குப் போயிருந்தேன். வழிகாட்டி ஒருவர் துணையோடு, வந்திருந்த பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பாறையில் சறுக்கி இறங்கி, பிறகு உயரத்திலிருந்து மடுவில் குதிக்க வேண்டும்.

மெஷின் நனையக் கூடாதென்று, வந்த வேனிலேயே கழற்றி வைத்தேன். வழிகாட்டியிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சறுக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. பாறை உச்சியிலிருந்து மச்சான் முதலில் குதித்தான். அடுத்து நான். வழிகாட்டி ஏதோ சொல்லிக் கையைத் தூக்கினார். குதிக்கச் சொல்கிறார் என்று குதித்துவிட்டேன். அவரோ நிற்கச் சொல்லியிருக்கிறார். மச்சான் இன்னும் விலகவில்லை. அவன் தலைக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தேன்.

இருவரும் கரையேறினோம். மச்சான் காதருகே வந்து கத்தினான்.

"மெஷின் போடலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மாமா?"

"அவுங்க என்னா நெனப்பாங்களோன்னு இருந்துச்சி மச்சான்."

மச்சான் சொன்னதைக் கேட்டு இறங்கி வந்த வழிகாட்டி கோபிக்கவில்லை. உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும், கட்டைவிரலைத் தூக்கினால் குதிக்கலாம் என்று சைகையிலேயே புரியவைத்தார். பிறகு எல்லோருக்குமே அப்படித்தான் காட்டினார்.

இப்போது மெஷினைக் கழற்றுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கடலூர் கடற்கரையில், குளித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். பெரிய அலை வந்தபோதெல்லாம் அவர் என் தோளைத் தட்டினார்.