பாடம் படித்துக் காட்டிய தெரு

என் மகள் ரேவதி இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, சேர்ந்த சமயத்தில் அவளுக்குக் கண் பார்வை போய்விட்டது. ஒரு வருடமாகவே எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் புத்தகத்தை மூக்கருகே வைத்தாலும் தெரியவில்லை. விழித்திரை நோய், இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். கணவர் இல்லை. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவள் பாடமோ எல்லாம் இங்கிலீஷ்.

"நான் காலேஜுக்குப் போவலம்மா" என்று அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மர்பி டவுனில் எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் தினமும் போய் நின்றேன். கண்ணைத் திருப்பிக் கொடு என்று மனதுக்குள் கேட்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம்.

ஆடி இரண்டாம் வெள்ளி. சன்னிதியில் என்னையறியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். "தாயே, கண்ணு வராட்டி போவட்டும். அவ படிப்ப மட்டும் எடுத்துடாத."

பின்னால் நின்ற டெய்லர் கலா அக்கா காதில் அது விழுந்தது. கோயில் கமிட்டியில் இருப்பவர். என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"எத்தன நாளா இத உள்ளயே வச்சினு இருக்க? இப்ப அவளுக்கு இன்னா வேணும்?"

"பாடத்தப் படிச்சுக் காட்ட ஆள் வேணும்க்கா."

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். அக்கா நேரே போய் மைக்கை வாங்கினார். "நம்ம தெரு பொண்ணு ரேவதிக்குக் கண்ணு தெரியல. இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவங்க வந்து பேரு குடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூழ்ப்பானை காலியாவதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். கம்பெனி கேப் ஓட்டும் முரளி தம்பி, "டிரிப்புக்கு நடுவுல சும்மாதான்க்கா உக்காந்திருக்கேன். போன்ல படிச்சு அனுப்பறேன்" என்றான். அன்று முதல் ரேவதியின் பொருளாதாரப் பாடம் ஹாரன் சத்தத்தோடுதான் வந்தது. சிரித்துக்கொண்டே கேட்பாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத காலேஜே ஒருவரை ஏற்பாடு செய்தது. முதல் வகுப்பில் தேறினாள். இப்போது பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

அடுத்த ஆடியில் கமிட்டி வருடா வருடம் திருவிழாவுக்கு வைக்கும் ஆர்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்டது. அதற்கான வசூல் தெருப் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்குப் போனது. இன்றும் அப்படித்தான். வாசலுக்கு வாசல் கேட்டுப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. தலை குனிந்து நடந்தவள், இன்று கூச்சமில்லாமல் கதவைத் தட்டுகிறேன்.

ரேவதிக்குப் பார்வை திரும்பவில்லை. அதை மறைத்தால் அம்மனுக்கே பொறுக்காது. ஆனால் அவள் படிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிற நிலை வந்தால் மூடி வைக்காதீர்கள். அம்மன் சன்னிதிக்கு வந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்கள் பின்னாலேயே ஒருவரை நிறுத்தி வைத்திருப்பாள்.