சனிக்கிழமைத் தாள்

என் நாட்குறிப்பின் உறையில் இன்று காலை வரை தினசரிக் காலண்டரின் தாள் ஒன்று இருந்தது. யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை வழங்குவதற்கான கூட்டத்தில், எங்கள் அலுவலகச் சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டி, குறித்திருந்த தேதியைக் கிழித்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார் நர்ஸ் அக்கா. திருநள்ளாற்றை ஒட்டிய கிராமம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வீடு வீடாக நடந்தவர் அவர்.

“சார், இது சனிக்கிழமை. எங்க ஊர்ல பாதி வீட்டுல கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் பச்சத்தண்ணியே குடிப்பாங்க. வெறும் வயித்துல இதப் போட்டா கொமட்டும். ஞாயித்துக்கிழமை வச்சுக்குங்களேன்.”

“ஏம்மா, சனி பகவான்கிட்ட லீவு லெட்டர் வாங்கிட்டு வரணுமா?” என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர் நான். “இதெல்லாம் எழுதாதீங்க” என்றார் அதிகாரி என்னிடம். எழுதவில்லை. தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

‘சாப்பிட்ட பின் விழுங்கவும்’ என்று அச்சிட்ட துண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை போனோம். அக்கா ஒவ்வொரு வாசலிலும், “மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்று கெஞ்சினார். “கண்ணு முன்னால முழுங்கணும்” என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார் அதிகாரி. விரதத்தையும் விடாமல், அக்காவின் முகத்துக்காக மாத்திரையையும் மறுக்காமல், ஊர்க்காரர்கள் வெறும் வயிற்றில் விழுங்கினார்கள். நண்பகலுக்குள் வீட்டுக்கு வீடு வாந்தி, தலைசுற்றல். அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடினார். வாசற்படியில் சாய்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: “ஒங்கள நம்பித்தானேக்கா முழுங்குனோம்?”

அடுத்த ஆண்டு அந்த ஊரில் மாத்திரைக்குக் கை நீட்ட ஆளில்லை. அக்காவைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கை போனது; தட்டச்சு செய்தது நான்தான். அக்காவிடம் விளக்கம் கேட்டு, வேறு ஊருக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் சம்பாதித்த பேரை ஒரே காலையில் பறித்துவிட்டு, அவரிடமே விளக்கம்!

சென்ற வாரம் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. மக்களின் நம்பிக்கைகளையும் பழக்கங்களையும் அறிந்து சுகாதாரத் திட்டம் தீட்டுவது எப்படி என்று திரையில் படம் காட்டினார்கள். முன்வரிசையில் அதே அதிகாரி, இப்போது பெரிய பதவியில், தலையாட்டிக் குறிப்பெடுத்தார்.

இன்று காலை இந்த ஆண்டின் மாத்திரைச் சுற்றறிக்கை வந்தது. தேதியைக் காலண்டரில் பார்த்தேன். சனிக்கிழமை.

அக்கா அன்று சொன்னதை ஒரு சொல் விடாமல் கோப்பில் எழுதினேன். ‘அன்று குறிப்பில் சேர்க்காதது என் தவறு’ என்று கீழே கையெழுத்திட்டேன். நாட்குறிப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மேலே குத்தி, அதே அதிகாரியின் மேசைக்கு அனுப்பிவிட்டேன்.