டிரைவர் தெரியாத படங்கள்

டீசல் எஞ்சினைப் படம் எடுப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பிவிடுவேன்.

என் இடம் சின்னசேலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடி. ஒற்றைப் பாதை. சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் சரக்கு வண்டி, எதிர் வண்டிக்காக ஸ்டேஷனில் நின்றுவிட்டுக் கிளம்பும். ஐம்பது பெட்டிக்கு மேல் இழுக்க வேண்டுமே. எஞ்சின் ஒரு செருமல் செருமிவிட்டு, கரும்புகையைக் கக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். காலடியில் மண் அதிரும். காலை வெயில் நேராக அதன் மூக்கில் விழும், பின்னால் கல்வராயன் மலை. அந்த நேரத்தில் எனக்குப் பசியும் தெரியாது, போன் அடிப்பதும் கேட்காது.

சில விஷயங்களில் நான் கறார். நீள மூக்கு முன்னால் வர வேண்டும். அதுதான் கம்பீரம். அப்படி வரும்போது டிரைவர் அறை பின்கோடிக்குப் போய்விடும், போகட்டும். எண் பளிச்சென்று விழ வேண்டும். குறுக்கே ஆடு மாடு, மனிதர் யாரும் கூடாது. டிரைவர் தலையை வெளியே நீட்டினாலும் எனக்கு எரிச்சல்தான், எஞ்சினின் பக்கவாட்டு அழகே கெட்டுவிடும்.

மின்கம்பி வந்து டீசல் அருகிப்போனபோதும் நான் கலங்கவில்லை. எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து, எண் வாரியாக, தேதி வாரியாகக் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருந்தேன்.

போன மாசியில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், கள்ளக்குறிச்சியில் டீச்சர். கையில் ஒரு பழைய டைரி.

"அண்ணா, எங்கப்பா கூட்ஸ் டிரைவரு. தையில தவறிட்டாரு. வேலையில இருக்கிற மாதிரி ஒரு போட்டோகூட வூட்டுல இல்ல. கல்யாணத்துல மாலையோட நிக்கிறதுதான் இருக்குது. சின்னசேலத்துல ஒருத்தரு எஞ்சினைப் போட்டோ புடிச்சிக்கினே இருப்பாருன்னு அப்பா சொல்லுவாரு. விசாரிச்சிக்கினு வந்தேன்."

டைரியில் அவர் ஓட்டிய எஞ்சின்களின் எண்ணும் தேதியும் வரிசையாக இருந்தன. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, இவ்வளவு சுலபமா! "ஞாயித்துக்கெழம வாம்மா, பெரிசா பிரிண்ட் போட்டே வெச்சிர்றேன்" என்றேன்.

அந்தத் தேதிகளோடு ஒத்துவந்தவை நாற்பத்தொரு படங்கள். ஒன்றிலும் டிரைவர் இல்லை. ஜன்னல் இருக்கிறது, அதற்குள் இருட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். கறுப்பு சாம்பலானதுதான் மிச்சம். பின்னால் வந்து நின்ற என் மனைவி, "இத்தினி போட்டோல ஒரு மனுசங்கூடவா இல்ல?" என்றாள். "உனக்கு இன்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கேட்டது சரி என்பதால்தான் அத்தனை கோபம்.

சனிக்கிழமை, கெட்டுப்போன படங்களைத் கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டு வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். டைரியோடு ஒத்துவந்த தேதிகளில் முதலாவதிலேயே ஒன்று கிடைத்தது. எண் கலங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மார்புவரை சாய்ந்து, நரைத்த மீசைக்காரர் ஒருவர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு கை ஆட்டுகிறார். படத்தின் ஓரத்தில் மங்கலாக என் இடது கை. பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கையைக் காட்டி அவரை விரட்டியிருந்தேன். சிரிப்பு அடங்கி அவர் உள்ளே போனார். அடுத்த படம் அருமையாக விழுந்தது. அதைத்தான் பிரேம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஓரத்துக் கை யாருடையது என்று கேட்கவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணா, அப்பா சொல்லிக்கிறாரு. தலைய நீட்டுனா அந்தாளுக்கு ஆவாது, பாவம் வெயில்ல நிக்கிறாரு, படம் நல்லா வரட்டும்னு, அதுக்கப்புறம் உங்க மரம் தாண்டுற வரிக்கும் உள்ளயே ஒக்காந்துக்குவாராம்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மத்த போட்டோவுங்களயும் குடுங்கண்ணா. எல்லாத்துலயும் அப்பா உள்ள ஒக்காந்துக்கினுதான இருக்காரு?"

எழுந்து போய், முன்னறைச் சுவரில் இருந்ததை முதலில் கழற்றினேன்.