மாதச் சம்பளத்துக்கு ஒரு எதிரி

ஒரு நாட்டுக்கு எதிரியாக இருக்க என்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? எல்லையைத் தாண்ட வேண்டுமா? வெடிகுண்டு வைத்திருக்க வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாக இருந்தால் போதும். கையில் துடைப்பமும் இருந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

நான் சொல்லும் மனிதருக்கு நாற்பத்தேழு வயது. இருபது வயதில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து அவர் காலில் விழுந்தது. "கவனமா இருந்திருக்கணும்" என்று அந்தக் காலுக்கு அறிவுரை வழங்கிவிட்டு, பட்டறைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இவர் கூட்டிப் பெருக்காத கட்டடம் ஊரில் குறைவு. வங்கி, பல் மருத்துவமனை, வரி அலுவலகம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு ஆயுதக் கம்பெனியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனி செய்தது ஒரு காவல் கோபுரம். உச்சியில் கேமரா, அதன் கீழே துப்பாக்கி. வேலியைத் தாண்டி ஆள் வந்தால் தானே பார்த்து, எதிரியா நம்மவரா என்று தானே முடிவு செய்து, தானே குறிவைக்கும். "மனிதத் தவறுக்கு இடமே இல்லை" என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். அந்தத் தாளில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன.

கருவிக்கு எதிரியைக் கற்றுக்கொடுக்க ஒரு எதிரி தேவைப்பட்டான். பொறியாளர்கள் வெயிலில் நடக்க மாட்டார்கள். வாடகைக்கு ஆள் பிடித்தால் செலவு. அப்போது வராந்தாவில் பக்கெட்டோடு போய்க்கொண்டிருந்த இவர் முதலாளியின் கண்ணில் பட்டார்.

"யோவ், அந்த மைதானத்துல இங்கிருந்து அங்க நடப்பியா?"

"நடக்கறேன் சார். எதுக்கு?"

"எதிரி மாதிரி நடக்கணும்."

"எதிரி எப்படி சார் நடப்பான்?"

முதலாளி யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. "நீ நடக்கற மாதிரியே நட" என்றார்.

எட்டு மாதம் நடந்தார். மழையில் நடந்தார், புதரில் தவழ்ந்தார், மூட்டை சுமந்தார், குடை பிடித்தார். பெண் வேடத்தில் எதிரி வந்தால் என்ன செய்வது என்று ஒரு மேதைக்குத் தோன்றியதால், மனைவியின் நைட்டியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டும் நடந்தார். "அதக் கிழிச்சுக்கிட்டு மட்டும் வந்தீங்க, மெஷினுக்கு வேலை வைக்க மாட்டேன், நானே சுட்டுருவேன்" என்று சொல்லித்தான் அந்த அம்மாள் கொடுத்தார்.

கம்பெனியில் அவருக்குப் பெயரே எதிரி என்றாகிவிட்டது. "எதிரி சாப்பிட்டாச்சா?" "எதிரிக்கு இன்னைக்கு லீவு." "எதிரியண்ணே, மாடி பாத்ரூம்ல தண்ணி நிக்குது." அவரும் சளைக்கவில்லை. "வரேன், வரேன். ஊடுருவிட்டு வரேன்" என்பார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு வாக்கு. கோபுரத்தை ராணுவத்துக்குப் போட்டுக் காட்டும் கண்காட்சி முடிந்ததும் அவரை நிரந்தரம் செய்வதாக முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். நிரந்தர ஊழியருக்குக் குடும்பத்தோடு மருத்துவக் காப்பீடு உண்டு. இவர் மனைவி தையல்காரி. வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருடமாகிறது, இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். இவர் நடந்த ஒவ்வொரு அடியும் அந்தக் கண்ணுக்காகத்தான்.

கண்காட்சிக்கு முதல் நாள், கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இளம் பொறியாளர்ப் பெண் முதலாளியிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"சார், நாளைக்கும் அண்ணனே நடக்கட்டும். எதிரின்னு இதுக்கு அவர் நடை ஒண்ணுதான் தெரியும். மைதானத்துல குறுக்க போன நம்ம ஆளுங்க எல்லாரையும் 'நம்மவர்'னு சொல்லிக் கொடுத்திருக்கோம். நேரா நடந்தா நம்மாளு, சாஞ்சு நடந்தா எதிரி. அவ்வளவுதான் அதோட அறிவு."

"ஏம்மா, ஜெனரல் எல்லாம் வர்றாங்க. எதிரின்னா ஒரு கம்பீரம் வேணாமா? நொண்டிக்கிட்டு வந்தா யாரு பயப்படுவா? பயப்படலன்னா யாரு வாங்குவா?"

ஆயுத வியாபாரத்தின் முழுத் தத்துவத்தையும் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

மறுநாள் அரங்கில் முந்நூறு பேர். முன் வரிசை சோபாக்களில் ராணுவ அதிகாரிகள், அடுத்து தொழிலதிபர்கள், அதற்கடுத்து முதலீட்டாளர்கள். கடைசியில் சொன்னவர்களுக்குத்தான் காபி முதலில் போனது. மேடையில் கோபுரம். துப்பாக்கியில் குண்டு இல்லை, சிவப்பு ஒளி மட்டும். எதிரியாக நடிக்க ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஆறடி ஆணழகனை வரவழைத்து, கறுப்பு உடை மாட்டி, முகத்தில் மையும் தடவியிருந்தார்கள்.

ஆணழகன் செயற்கைப் புல்லின் மேல் நடந்தான். திரையில் பச்சை எழுத்து: நம்மவர். ஓடினான். நம்மவர். பொம்மைத் துப்பாக்கியை நீட்டிக் கருவியின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தான். நம்மவர். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளியின் நெற்றி வியர்த்தது.

அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு முதலீட்டாளர் காபியைக் கொட்டிவிட்டார். துடைப்பதற்கு நம் மனிதர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். நான்கு அடிதான் வைத்திருப்பார். கோபுரம் விருட்டென்று திரும்பியது. சைரன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு: எதிரி, எதிரி, எதிரி. சிவப்பு ஒளி ஒரு தளபதியின் காதோரம் போய், ஒரு வங்கித் தலைவரின் வழுக்கையைத் தடவி, இவர் நெஞ்சில் வந்து நின்றது. வீரப் பதக்கம் வாங்கிய இருவர் சோபாவுக்கு அடியில் இருந்தார்கள். இவர் மட்டும் அசையவில்லை. எட்டு மாதப் பழக்கம். "நான்தான்பா" என்று கோபுரத்தைப் பார்த்துக் கையாட்டினார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா! மேடையில நடிச்சவர் எங்க ஆளுன்னு கண்டுபிடிச்சிருச்சு. இந்த முந்நூறு பேர்ல அனுமதி இல்லாம உள்ள வந்த ஒரே ஒருத்தரையும் கண்டுபிடிச்சிருச்சு!"

கைதட்டல் நிற்க வெகு நேரமாயிற்று. இரண்டு காவலர்கள் இவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அன்று மாலையே ராணுவம் கோபுரங்களை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நிரந்தர ஆணை வாங்க மறுநாள் குளித்து, சவரம் செய்து, மனிதவளம் என்று பலகை மாட்டிய அறைக்குப் போனார். அங்கிருந்த மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கெட்ட செய்திக்கு மட்டும்தான் அந்த அறையில் நாற்காலி.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. ஆனா நீங்க எங்க ஆளுன்னா மெஷின் தப்பாயிடும்."

"அப்ப நான் யாரு சார்?"

"அனுமதி இல்லாம உள்ள வந்தவர்."

"எட்டு மாசமாவா?"

"சேச்சே. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"மத்த நாள்?"

"மத்த நாள் நீங்க இல்லவே இல்ல."

பார்த்தீர்களா? கருவி தவறாக இருக்க முடியாது, அதனால் மனிதன் தவறாகிவிட வேண்டும். ஆண்டவன் சொன்னான் என்று யாராவது வந்தால் "எங்கே சொன்னான், காட்டு" என்று கேட்கத் தெரிந்த அறிவாளிகள்கூட, கருவி சொன்னது என்றால் கைகட்டி நிற்கிறார்கள். பழைய பூசாரிக்காவது மந்திரம் பாடமாக இருந்தது. இந்தப் புதுப் பூசாரிகளுக்குத் தங்கள் கருவிக்கு என்ன தெரியும் என்பதே தெரியாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி தையல் மிஷினை நிறுத்தினார். "அதுக்குக் கண்ணு அவ்வளவு துல்லியமாமே?"

"ராத்திரி மூணு கிலோமீட்டர் தெரியுமாம்."

"எனக்கு மூணு அடி தெரியல. ஆனா படியேறும்போதே நீங்கதான்னு தெரியுது. என்னையப் போய் வித்துட்டு வாங்க, நல்ல விலை போகும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இவர் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்.

கம்பெனியின் பதில் ஒரே பக்கம்: இப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை செய்ததே இல்லை. சோதனை வீடியோக்களைக் கேட்டால், அவை ராணுவ ரகசியமாம். இல்லாத மனிதர் எட்டு மாதம் நடந்த காட்சியைப் பூட்டிப் பாதுகாக்கிறார்கள். இவரை அங்கே வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. பொறியாளர்ப் பெண் ஒருமுறை கூப்பிட்டு, "அண்ணா, வாயத் திறக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க" என்று அழுதாள். "விடும்மா, உனக்கும் வேலை வேணும்ல" என்று இவர்தான் தேற்றினார்.

தொழிலாளர் அதிகாரி நல்லவர்தான். "நீங்க அங்க வேலை செஞ்சதப் பாத்தேன்னு வெளியாள் ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒருவர் இன்னும் வரவில்லை. அந்த அம்மாளின் இடது கண்ணும் காத்திருக்கப் போவதில்லை.

விசாரணை வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தொழிலாளர் அலுவலகம், இரண்டாம் மாடி. அந்த அரங்கில் நீங்கள் இருந்தீர்களா? அப்படியானால் காலையில் வாசலில், நெஞ்சில் கம்பெனி முத்திரை போட்ட நீலச் சட்டையோடு, உங்கள் செருப்பு மண்ணைக் கம்பளத்திலிருந்து பெருக்கி எடுத்த மனிதரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வந்து அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் இல்லை, உங்கள் மாமாவோ மேலதிகாரியோ இருந்தார் என்றால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். படித்துவிட்டு அவர் பேச்சை மாற்றினால் விடாதீர்கள். பார்த்தீர்களா, இல்லையா என்று கேளுங்கள். பார்த்தேன் என்று வாயிலிருந்து வந்ததும், கையோடு மாடிக்கு அழைத்து வாருங்கள்.