கிளிச்சொண்டுப் பூவும் அண்ணாவின் மூக்கும்

முதல் அடியிலேயே அண்ணாவின் மூக்கு உடைந்துவிட்டது. அடுத்த அடி விழும்போது அவருடைய இரண்டு கைகளையும் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது நான்.

எல்லாம் ஒரு பிடி பூவால் வந்தது. நோர்வேயில், ரொம்மன் என்ற இடத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டு நோர்வேக்காரர் வாசலில் ஒரு பூச்சட்டியைத் தொங்கவிட்டிருந்தார். கனேரித் தீவுகளில் எரிமலைப் பாறை வெடிப்புகளுக்குள் தானாய் முளைக்கிற அவரை இனக் கொடியாம். கிளிச்சொண்டு மாதிரி வளைந்த இரத்தச் சிவப்புப் பூ. அங்கே விடுமுறைக்குப் போனபோது அவருடைய மனைவி ஆசைப்பட்டு வாங்கி வந்தது. மனைவி அதற்கு முந்தின பனிக்காலம்தான் செத்துப்போனா.

வெள்ளிக்கிழமை காலை அண்ணா குளித்துவிட்டுப் போய், ஒன்று விடாமல் ஆய்ந்து வந்து அம்மன் படத்துக்கு வைத்துவிட்டார்.

"ஐயோ அண்ணா, கேட்டிட்டோ ஆய்ஞ்சனீங்கள்?"

"சாமிக்கு ஆயிற பூவுக்கு ஆரடி கேக்கிறது? பார், எங்கட முருக்கம்பூவின்ர தங்கச்சி மாதிரிக் கிடக்கு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாசல் மணி அடித்தாலே அண்ணாவைத்தான் அனுப்புவேன். அன்றைக்கு மணி அடிக்கவில்லை, யாரோ கதவைக் காலால் உதைத்தார். திறந்ததும் கீழ்வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்தார். பூவைக் கண்டார். "அது அவளுடையது!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தி, படத்தோடு சேர்த்து இழுத்துப் போட்டார். கண்ணாடி சிதறியது. அம்மன் படத்தைக் குனிந்து எடுக்கப்போன அண்ணாவின் முகத்தில் குத்தினார்.

அண்ணா கையை ஓங்கினார். எனக்கு அவருடைய குடியுரிமை விண்ணப்பம்தான் கண்ணுக்குள் வந்தது. திருப்பி அடித்துப் பொலிசில் பதிவு விழுந்தால் எத்தனை வருடம் இழுபடுமோ. அகதிப் பயணப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போகேலாது. அம்மாவோ யாழ்ப்பாணத்தில் படுத்த படுக்கை. பாய்ந்து பிடித்துவிட்டேன்.

"விடடி! விடடி நாயே!"

விடவில்லை. பிடித்த பிடியில் என் நகங்கள் அவருடைய தோலுக்குள் இறங்கின. வாய், கன்னம், திரும்பவும் மூக்கு. ஒவ்வொரு குத்தும் அண்ணாவின் உடம்புக்குள்ளால் வந்து என் நெஞ்சில் இடித்தது. எதிரே கை ஓங்குவார் இல்லை என்று கண்டபிறகுதான் அந்த மனிதர் நிறுத்தினார். முழங்கால் ஊன்றி இருந்து, கண்ணாடித் துண்டுகளுக்குள் பூக்களைப் பொறுக்கினார். அவருடைய விரல்களும் கிழிந்து இரத்தம் ஓடியது.

பொலிசுக்கு அவரும் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

பிறகு நோர்வேக் கடவுச்சீட்டு கிடைத்து அண்ணா ஊருக்குப் போனார். அம்மா தொலைபேசியில் கேட்டா: "ஏன் பிள்ளை, இவன்ர மூக்கு கோணலாக் கிடக்கு?"

பக்கத்தில் அண்ணாவின் குரல்: "கையைப் பிடிச்சுக் குடுத்தவளிட்டையே கேளுங்கோ."

"ஓம் அம்மா, நான்தான் பிடிச்சனான்" என்றேன். "வடிவாப் பாருங்கோ, உங்களிட்டை வந்திட்டார்தானே."