ஏரிக்கரையில் மிளகாய் நெடி

போன கோடையில் நாங்கள் கூடாரம் எடுத்துக்கொண்டு ஏரிகளைப் பார்க்கக் கிளம்பியது என் தோழிக்காகத்தான். திருப்பதியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கல்யாணமாகிச் சித்தூருக்குப் போனாள். தை மாதம், ஏழு மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. நான் போய்ப் பார்க்கவில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளை வைத்திருப்பவள் அந்த வீட்டுக்கு இப்போது போகக்கூடாது என்று மாமியார் சொன்னார், நான் தலையாட்டினேன். போனில் அழுததோடு சரி.

அந்த உறுத்தலில்தான் பயணத்தை நானே ஏற்பாடு செய்தேன். அவளும் அவள் கணவரும் திருப்பதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் காரிலேயே ஏறிக்கொண்டார்கள். முதல் நாள் கார்வேட்டிநகரத்துக்கு அருகே ஓர் ஏரி, மறுநாள் ராமகுப்பம் பக்கம் இன்னொன்று. காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஆறு பாட்டில் என்று நான் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கரையை ஒட்டிய மாந்தோப்பில் என் கணவரும் அவள் கணவரும் கூடாரத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.

"இன்னாடி இது, பெரிய கூடாரம்னு சொன்ன? கோழியக் கவுத்து வெக்கிற கூடை மாதிரி கீது," என்றாள் தோழி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வந்து சேர்ந்ததே போதும் என்று எனக்கு இருந்தது.

என் மகள் என் கையால் சாப்பிடமாட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அழுகை. அன்று தோழி அவளை மடியில் வைத்து, தயிர்சாதத்தோடு மாம்பழத் துண்டைத் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். கிண்ணம் காலியானது, மகள் இன்னும் கேட்டாள்.

"பாரேன், இன்னா அழகா துன்றா! நீதான் துன்னவே மாட்டேன்றான்னு பொலம்பிக்கினு கீற."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நொடியில் உள்ளே ஏதோ சுருக்கென்றது. பிள்ளை சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

வெயில் சாய்ந்ததும் மற்ற மூவரும் கரையோரமாக நடக்கப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மகள் வாந்தியெடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்றது. மாம்பழம் அதிகமாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இருந்தும் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"யாரும்மா ஊட்டுனது?" என்றார்.

சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்.

"அதான பார்த்தேன். பாவம், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, ஏக்கம் இருக்குமில்ல. உப்பு மொளகா சுத்தி நெருப்புல போடு. அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடு."

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். சமையல் பையிலிருந்து கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து, மகளின் தலையை மூன்று முறை சுற்றி, சோற்றுக்கு மூட்டியிருந்த அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது; படாவிட்டால்தான் தொண்டையைப் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும்.

நெடி குப்பென்று வந்தது. இருமிக்கொண்டே திரும்பினேன். தோழி மட்டும் முன்னால் வந்துவிட்டிருந்தாள். மூக்கை முந்தானையால் பொத்தியிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

"வாந்திடி. மாம்பழம் ஒத்துக்கலபோல."

அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"நெடி நல்லா வருதே," என்றாள். "அப்போ என் கண்ணு இல்லடி."

"ஐயோ, அப்படி இல்லடி. அத்தைதான்..."

"பரவால்ல. கொழந்தைக்கு வாய் கழுவி வுடு."

சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் சோறு வடித்தாள், எல்லாருக்கும் பரிமாறினாள். காலையில் மகள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து, அவளிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா கிட்ட போ கண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் பாய்களைச் சுருட்டப் போனாள்.

ராமகுப்பம் ஏரியில் தண்ணீர் நிறையவே இருந்தது. இறங்கும் இடம் வழுக்கலாக இருந்தது. நான் வேண்டுமென்றே அவளிடம் போய், "இவளக் கொஞ்சம் தூக்கிக்கடி, செருப்பக் கழட்டிட்டு வரேன்," என்றேன். அதைவிட வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கைகள் எழுந்தன. பாதியில் நின்றன. திரும்பி, "ஏங்க, பாப்பாவ வாங்கிக்கோங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து வாங்கிக்கொண்டார். அவர் தோளிலிருந்து மகள் தண்ணீரைக் காட்டி என்னென்னவோ கத்தினாள். நாங்கள் இருவரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் சித்தூரில் இறங்கிக்கொண்டார்கள். இப்போதும் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். என் வேலை, வெயில், திருப்பதிக் கூட்டம் எல்லாம் விசாரிப்பாள். மகளைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்பதில்லை. எல்லாரும் நல்லா கீறீங்களா என்பாள். எல்லாரும் நல்லா இருக்கோம் என்பேன்.