நான் மாற்றி எழுதிய பெயர்

1979ஆம் வருடம், ஜூன் மாதம். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டி இருந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஒன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்து மூன்று. ஊரையே திருத்திவிடலாம் என்று நினைக்கிற வயது.

என் பெயர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்த காரியம் புரியாது. எங்கள் வீட்டில் நான் ஐந்தாவது பெண். இனிமேல் பெண்ணே வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக எனக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். டீச்சர் டிரெயினிங் சேருவதற்கு முன்னால் அடம்பிடித்து, கெஜட்டில் போட்டு அதை மாற்றிக்கொண்டேன். அதிலிருந்து பெயர் என்றாலே எனக்கு ஒரு கிறுக்கு. எந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். அசிங்கமாகப் பெயர் வைப்பவர்கள் பிள்ளையை வெறுப்பவர்கள் என்பது என் தீர்மானம்.

அட்மிஷன் சமயத்தில் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலையிலிருந்து கல் பொறுக்குகிற வேலை. அவர் சேலையெல்லாம் தூசி. மகள் மட்டும் தலையைப் படியச் சீவி, கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு பளிச்சென்று நின்றாள். பெயரைக் கேட்டேன்.

“குப்புன்னு எழுதிக்கங்க டீச்சர்.”

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்குக் குப்பையா பெயர்? நான் எதுவும் சொல்லாமல் ரெஜிஸ்டரில் ‘தேன்மொழி’ என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டுப் போனார்.

வகுப்பில் அவளைக் குப்பு என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு என்னிடம் குட்டு விழும். அவளுக்குப் புதுப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. காலையில் நான் “தேன்மொழி” என்றதும் துள்ளி எழுந்து, “உள்ளேன் டீச்சர்” என்று கத்துவாள். எனக்கு என்னமோ என்னையே காப்பாற்றிவிட்ட மாதிரி சந்தோஷம்.

ஒரே வாரத்தில் விஷயம் தெரிந்து அவள் அம்மா வந்தார். வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

“டீச்சர், பழைய பேரே இருக்கட்டுங்க. அந்தப் பேர மட்டும் சொல்லிக் கூப்புடாதீங்க.”

“பெத்த பொண்ண குப்பைன்னு கூப்பிட உனக்கு எப்படி மனசு வருது?” என்று கேட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் ஒருமையில்தான் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் மகள் பக்கம் ஒரு முறை பார்த்தார். “அத வாயால சொல்லக்கூடாதுங்க” என்று மட்டும் சொன்னார்.

எழுதினது எழுதினதுதான் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை கடைசியில் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம், பிள்ளைகளுக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்த சமையல் ஆயாவிடம் தற்செயலாகத்தான் கேட்டேன். அவரும் அவர்கள் தெருக்காரர்தான்.

“பெரியாஸ்பத்திரில போட்டிருக்காங்க. ஜுரம் எறங்கவே இல்ல. இழுப்பு வேற வந்துச்சாம்” என்றார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தார். “உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் டீச்சர். பயந்துக்கினு இருந்துட்டேன்.”

என்ன என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு முன்னாடி மூணு புள்ளைங்க. மூணுக்கும் நல்ல நல்ல பேராத்தான் வெச்சாங்க. ஒண்ணுகூட வருஷம் தாண்டல. நாலாவதா இது பொறந்ததும் குப்பமேட்டுல கொண்டாந்து போட்டாங்க. நான்தான் எடுத்தேன். மொறத்துல வெச்சி என் ஊட்டுக்குக் கொண்டாந்தேன். அப்புறம் அவ வந்து ரெண்டு கை தவிடு குடுத்து என்கிட்ட வாங்கிக்கினா. எமன் வந்தாலும், யாரோ வேணாம்னு வீசினதுன்னு நெனச்சி தாண்டிப் பூடுவான்னுதான் அந்தப் பேரு. நீங்க தெனமும் தேன்மொழி தேன்மொழின்னு கூப்ட்டீங்க.”

இந்தப் பழக்கத்தை நானும் எங்கேயோ கேள்விப்பட்டவள்தான். ஆனால் என் பெயர் மேல் இருந்த கோபம் கண்ணை மறைத்துவிட்டது. எனக்கு வைத்தது வேண்டாம் என்று வைத்த பெயர். அவளுக்கு வைத்தது எப்படியாவது வேண்டும் என்று வைத்த பெயர். என் நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வாடகைக்கு இருந்த அறையில் இருக்க முடியவில்லை. பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா குடியிருந்தார். ஆசிரமத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர் சிரிப்பார், என் பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் கதவைத் தட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் யூதக் குடும்பமாம். அவர்கள் வழக்கத்தில் ஒரு குழந்தைக்கு நோய் முற்றினால் பெயரை மாற்றிவிடுவார்களாம். எமதூதன் ஏட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் அந்தப் பெயரில் அங்கே ஆள் இருக்கக்கூடாது. அவருக்கே ஆறு வயதில் மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒளித்து வைக்கப் பெயரை மாற்றுகிறார்கள். நான் ஒளித்து வைத்திருந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டை நெருங்கும்போது உள்ளே ஒரு பெண் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த அழுகை வேறு யாருக்கோ. அந்த நிம்மதிக்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

கடைசிக் கட்டிலில் அவள் கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பாதி ஆளாகியிருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

கை இரண்டையும் கூப்பினார். “உங்க கால்ல வேணா வுழறேன் டீச்சர். இங்க வந்து அந்தப் பேரச் சொல்லிடாதீங்க.”

எமனுக்குப் பயந்த மாதிரி அவர் என்னைப் பார்த்துப் பயந்தார்.

என் சத்தம் ஏதும் வராமலே பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டாள். என்னைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, “டீச்சர், என் பேரக் கூப்புடுங்க” என்றாள். அவள் எந்தப் பெயரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கும் தெரியும். அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“குப்பு” என்றேன்.

பதில் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். ஆசையாக வாங்கி வைத்திருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு பார்வை. கண் மறுபடியும் சொருகியது. இனி பதிலே வராது என்று நினைத்தேன்.

“குப்பு” என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

“உள்ளேன் டீச்சர்.”

காது கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு சன்னமாகச் சொன்னாள். அவள் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. டைபாய்டு என்றார் டாக்டர். அந்த மாதம் அந்தப் பக்கத்தில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல். ஊசியும் மருந்தும்தான் காப்பாற்றின என்று எனக்கும் தெரியும். ஹெட்மாஸ்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு ரெஜிஸ்டரில் பெயரைத் திருத்தினேன். பெயர் நோட்டை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். ரிட்டையராகி வீட்டில் இருக்கிற இன்றைக்கும் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது பதில் சொல்கிற வரைக்கும் நான் அந்தக் கடைசிக் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.